பதினெட்டு அடி வேலும் ஆறடி பயனெட்டும்

களக்காட்டில் ஏத்தன் வாழை குலை தள்ளும் பருவத்தில் தோப்புக்குள் போனால் முட்டுக்கம்புகள் அடுக்கிக் கிடக்கும். அவற்றில் நெடியதாக, பதினெட்டு அடி வருகிற ஒன்றை எடுத்து, ஒரு நுனிப் பக்கம் மட்டும் பிடித்து, மார்பளவில் கிடையாக நீட்டிப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் தோள் நடுங்கும். எதிர்முனை தரையைத் தேடிப் போகும். அந்த நீளக் கம்பில் இரும்பு முனை பூட்டித்தான் 18ஆம் நூற்றாண்டில் தென்சீமைக்காரர்கள் போர் செய்தார்கள் என்று கிழக்கிந்தியக் கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். எதிரே நின்ற கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது ஏறக்குறைய ஆறடி: துப்பாக்கியும், அதன் முனையில் செருகிய பயனெட்டும்.

பயனெட்டுக்கு இந்துஸ்தானியில் சங்கீன் என்று பெயர். ஈழத்தில் அது 'துப்பாக்கிச் சனியன்' ஆனது. சொல் மருவி வந்த வழி எதுவானாலும், பிடித்தால் விடாத கிரகத்தின் பெயரே அதற்கு வாய்த்துவிட்டது.

இந்த இரண்டு ஆயுதங்களில் எது மேல்? இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. ஆங்கிலேயப் படை வரலாறுகளின் விடை: கட்டுப்பாடும் பயிற்சியும் கொண்ட பயனெட் வரிசைக்கு முன்னால் பாளையக்காரக் கூட்டம் நிற்க முடியவில்லை. நம் மேடைகளின் விடை: வேலுக்கும் வளரிக்கும் சிலம்பத்துக்கும் வெள்ளைக்காரன் ஈடில்லை, காட்டிக்கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் கதையே வேறு. இரண்டையும் நெடுங்காலம் கேட்டாயிற்று. ஒரு முறை தராசில் வைத்துப் பார்க்கலாம். எடைக்கல் மூன்று: ஆயுதம் உடம்போடு எப்படிச் சேர்கிறது, அதற்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், இரண்டும் நேருக்கு நேர் மோதியபோது என்ன நடந்தது.

கையும் கம்பும்

கும்பினிப் படை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துச் சென்ற துப்பாக்கிக்கு 'இந்தியா பேட்டர்ன்' என்று பெயர். குழலின் நீளம் 39 அங்குலம். முழு நீளம் நாலரை அடிக்குச் சற்று மேல். எடை நாலு கிலோவுக்கு மேல். அதன் முனையில் மாட்டும் பயனெட், முப்பட்டை ஊசிபோல 17 அங்குலம். வெட்ட உதவாது, குத்த மட்டுமே உதவும். குழலின் வாயை அடைக்காமல் பக்கவாட்டில் நிற்கும்படி குப்பி வைத்துச் செய்திருப்பதால், மாட்டிய பிறகும் சுடலாம். பயனெட்டின் உண்மையான சாதனை இந்தக் குப்பிதான். அதற்கு முன்னால் ஐரோப்பியப் படையில் சுடுகிறவனும் ஈட்டிக்காரனும் தனித்தனியாக இருந்தார்கள். ஒருவனைக் குதிரைப்படையிடமிருந்து காக்க இன்னொருவன் வேண்டியிருந்தது. பயனெட் இருவரையும் ஒரே ஆளாக்கிச் சம்பளக் கணக்கைப் பாதியாக்கியது.

ஆனால் ஈட்டி என்ற அளவில் மட்டும் பார்த்தால் அது மட்டமான ஈட்டி. கனமெல்லாம் பின்னால் கட்டையிலும் இரும்புக் குழலிலும் கிடக்கிறது. இரண்டு கையாலும் பிடித்தபின் முன்னால் நீள்வது மூன்று, நாலு அடிதான். சிலம்பக்காரர் கையில் சுழல்கிற கம்பு இலேசானது, இரு முனையும் ஒன்றுபோல் வேலை செய்வது, பிடி மாற்றினால் உடனே திசை மாறுவது. துப்பாக்கியை அப்படிச் சுழற்ற முடியாது. வீச்சும் வாரலும் போய், குத்தும் தட்டும் மட்டுமே மிஞ்சும். சிலம்பம் தெரிந்தவன் பயனெட்டை எளிதாகப் பிடித்துக்கொள்வான் என்று சொல்வோருக்கு இது பாதி விடை: காலடி உதவும், கண் உதவும், கை வேலையில் பெரும்பகுதியை மறந்தாக வேண்டும்.

பதினெட்டு அடி வேலுக்கும் ஊனம் உண்டு, அதுவும் பெரிய ஊனம். எதிரி முனையைத் தாண்டி ஓரடி உள்ளே வந்துவிட்டால், வேல்காரன் கையில் இருப்பது வெறும் மரம். திரும்பவும் முடியாது, பின்னுக்கு இழுக்கவும் இடம் வேண்டும். ஆகவே நெடிய வேல் தனியாளின் ஆயுதமாக இருக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு வேல் வேண்டும். அல்லது முன்னால் ஒரு தடுப்பு வேண்டும். கள்ளர் படை தரையோடு தரையாக ஊர்ந்து, வேலை இழுத்துக்கொண்டே வந்து பாயும் என்பது ஆர்ம் தரும் சித்திரம். அங்கே புதரே தடுப்பு. மண்கோட்டையில் சுவரே தடுப்பு. இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது தெளிவாகும்: வேலின் வலிமை வேலில் இல்லை, அது நின்ற இடத்தில் இருந்தது.

எழுதிவைத்த வித்தை

பயனெட் பயிற்சி என்றதும் இன்று நம் கண்ணில் தோன்றுவது, வைக்கோல் மூட்டையைக் கத்திக்கொண்டே குத்தும் காட்சி. அது முதல் உலகப் போர்க் காலத்து வழக்கம். ரொனால்ட் கேம்பல் என்ற அதிகாரி, பிரான்சில் இருந்த பயிற்சி முகாம்களில் குருதிவெறி ஊட்டும் சொற்பொழிவுகளால் பேர் பெற்றார். அவருடைய நோக்கம் தற்காப்பு வித்தை கற்பிப்பதல்ல. தயங்கும் மனிதனைத் தயங்காமல் ஆக்குவது.

பயனெட்டை ஒரு வாள்வித்தைபோல நிலை, தடுப்பு, குத்து என்று பிரித்துக் கற்பிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில்தான் தழைத்தது. சாக்சனி நாட்டு அதிகாரி செல்ம்னிட்ஸ் 1820களில் ஒரு முறையை வகுத்தார். பிரெஞ்சு முறையைத் தழுவி ஜார்ஜ் மெக்ளெல்லன் 1852இல் அமெரிக்கப் படைக்கு நூல் தந்தார். வாள்வித்தையில் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்ற ஏஞ்சலோ குடும்பத்தின் முறை பிரிட்டிஷ் படையில் ஏறியது. 1853இல் ரிச்சர்ட் பர்ட்டன் ஒரு சிறுநூல் எழுதினார். அவர் பம்பாய்ப் படையில் இருந்தவர். முதலில் அதைக் கண்டித்த மேலிடம் பிற்பாடு அதையே எடுத்துக்கொண்டு, கருவூலத்திலிருந்து ஒரு ஷில்லிங் பெற்றுக்கொள்ள அனுமதி தந்ததாகவும், அதை வாங்கி அவர் ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்ததாகவும் கதை. 1890இல் ஆல்பிரட் ஹட்டன் இன்னொரு நூல் எழுதினார்.

இந்த ஆண்டுகளைப் பாருங்கள். நெல்லைச் சீமையில் போர் முடிந்தது 1801. அதாவது, பாளையக்காரரோடு மோதிய கும்பினிச் சிப்பாய்க்கு இந்த வித்தை எதுவும் தெரியாது. அவனுடைய வேதம் டேவிட் டண்டாஸ் 1788இல் எழுதி, 1792இல் படை விதியாக்கப்பட்ட அணிநடை நூல். நிமிடத்துக்கு 75 அடி சாதாரண நடை, 108 அடி விரைவு நடை. வரிசை எப்படி விரிய வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று பதினெட்டு நகர்வுகள். பயனெட்டுக்கு அதில் இருந்த இடம் சொற்பம்: மாட்டு, நீட்டு, முன்னேறு. எதிரியின் முனையை எப்படித் தட்டுவது, தட்டிய பின் கால் எங்கே போவது என்ற பாடமே கிடையாது. அந்தோனி கார்டன் என்ற அதிகாரி வாள், பயனெட், வேல் மூன்றுக்கும் தற்காப்பு முறை வகுத்து 1805இல் நூல் வெளியிட்டார் என்றால், அந்தப் பாடம் இல்லாத குறை அப்போதே உறுத்தியிருக்கிறது என்றுதான் பொருள். பாஞ்சாலங்குறிச்சி விழுந்து நாலு ஆண்டு கழிந்த பிறகு வந்த நூல் அது.

அப்படியானால் அணிப்பயிற்சி வீணா? இல்லை. 1746 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் கலோடன் களத்தைப் பாருங்கள். மேட்டுநிலத்தார் வலக்கையில் வாளும் இடக்கையில் கேடயமுமாகப் பாய்ந்து வருவார்கள். நேரே குத்தினால் கேடயம் வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு படைவீரனும் தன் எதிரில் வருபவனை விட்டுவிட்டு, தன் வலப்பக்கத்தானின் எதிரியை, அவன் வாளோங்கிய கையின் அடியில் குத்த வேண்டும் என்று எதிரே நின்ற அரசுப் படையின் தளபதி கம்பர்லாந்து கோமகன் பழக்கியதாகச் சொல்வார்கள். களத்தில் அது எவ்வளவு தூரம் நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் வழக்கு உண்டு. ஆனால் அந்த யோசனையின் உட்பொருள் பெரிது. என்னை நோக்கி ஓங்கிய வாளை நான் பார்க்கக் கூடாது. அதைப் பக்கத்திலிருப்பவன் பார்த்துக்கொள்வான். இது கைவித்தை இல்லை, நம்பிக்கை. அணிப்பயிற்சி விற்ற சரக்கு அதுதான்.

அதன் விளைவையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, ஒரு கைகலப்புக்குப் பிறகு காயங்களை எண்ணியபோது துப்பாக்கிக் காயம் 119, பயனெட் காயம் 5. அமெரிக்க உள்நாட்டுப் போரின் மருத்துவக் கணக்கில் பயனெட்டும் வாளும் சேர்ந்தே நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை. பயனெட்டால் குத்துப்பட்டவன் மருத்துவரிடம் வராமல் களத்திலேயே செத்திருப்பான் என்று ஒரு மறுப்பு உண்டு. அதற்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும் விகிதம் தலைகீழாகாது. பெரும்பாலும் பயனெட் குத்தவில்லை. வருகிறது என்று தெரிந்ததும் எதிர்வரிசை கலைந்து ஓடியது. அச்சுறுத்துவதே அதன் தொழில். அச்சம் வேலை செய்ய இரண்டு நிபந்தனை உண்டு: எதிரி அதைப் பார்க்க வேண்டும், ஓடுவதற்கு அவனுக்கு இடம் இருக்க வேண்டும்.

களக்காடு, 1755

இந்தக் கணக்கில் களக்காட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. மலையடிவாரத்தில், திருவிதாங்கூருக்கும் நெல்லைச் சீமைக்கும் நடுவே இருப்பதால், இந்த ஊரும் இதன் கோட்டையும் இரண்டு தரப்புக்கும் வேண்டியிருந்தன. சத்தியவாகீசுவரர் கோயில் கோபுரத்தைப் பார்க்கிறவர்களுக்கு, இது ஒரு காலத்தில் வேணாட்டரசர்கள் தங்கி ஆண்ட ஊர் என்பதில் வியப்பு இராது. 1750களின் தொடக்கத்தில் நெல்லைச் சீமையை நடத்திய மூடேமியா, களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூர் மன்னருக்கு விற்றுவிட்டதாக ஆர்ம் எழுதுகிறார். 1755இல் கும்பினியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையோடு தெற்கே வந்ததும் திருவிதாங்கூர்ப் படை பின்வாங்கியது. ஹெரான் திரும்பிப் போனார். அவ்வளவுதான்: திருவிதாங்கூர்ப் படை திரும்ப வந்தது, நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள், களக்காட்டுப் பக்கம் நின்ற மாபூஸ்கானின் படை தோற்றது.

இந்த வெற்றியை நம்மவர்கள் 'வேல் வென்ற கதை' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் ஐயம் உண்டு. வென்ற தரப்பில் பூலித்தேவரின் வேல்காரர் மட்டுமா நின்றார்கள்? 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், அதற்குப் பின் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து வந்தார். களரியில் வளர்ந்த நாயர் படையை வரிசையில் நிற்கவும் வரிசையாய்ச் சுடவும் பழக்கினார். 1755க்குள் அந்த வேலை பத்து ஆண்டுக்கு மேல் நடந்தாயிற்று. அந்த அரசின் படைதான் களக்காட்டுக்கு வந்தது. ஆகவே களக்காட்டில் 'அணிப்பயிற்சிக்கு எதிராக நாட்டு வீரம்' வென்றது என்று சொல்வதற்குச் சான்று போதாது. தோற்ற தரப்பும் கும்பினியின் தேர்ந்த படை இல்லை. சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத நவாபின் படை. ஆகக் கூடி, களக்காட்டு வெற்றியைப் பூலித்தேவரின் அரசியல் சூழ்ச்சிக்கு மதிப்பெண்ணாகப் போடலாம். ஆயுதங்களுக்குப் போட முடியாது.

பாஞ்சாலங்குறிச்சி, 1801

ஆயுதங்கள் உண்மையாகவே மூக்கோடு மூக்கு மோதிய இடம் கிழக்கே, ஓட்டப்பிடாரத்துக்கு அருகில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முழுக்க மண். நீளவாட்டில் ஐந்நூறு அடி, குறுக்கே முந்நூறு அடி, சுற்றிலும் முள்வேலி. கால்டுவெல் 1881இல் எழுதிய நெல்லைச் சரித்திரத்திலும், அதற்கு மூலமாக அவர் கொண்ட ஜேம்ஸ் வெல்ஷின் படை நினைவுகளிலும் இதன் விவரம் உண்டு.

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் இந்தக் கோட்டையைத் தாக்கினார். தாக்குதல் முறிந்தது, ஆங்கில அதிகாரிகள் பலர் செத்தார்கள். பிறகு பாளையக்காரர் கட்டபொம்மனும் ஆட்களும் தாங்களாகவே கோட்டையை விட்டு வெளியேறினார்கள். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. கோட்டை இடிபட்டது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். கும்பினித் தளபதி மெக்காலே படையோடு போய்ப் பார்த்தபோது, தரைமட்டமாக்கிய கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. ஆறே நாளில் கட்டியது.

மார்ச் 31. பீரங்கியால் சுவரில் உடைப்பு ஏற்படுத்தி, அதன் வழியாக ஏறுவது என்று திட்டம். வெல்ஷ் அந்தப் படையில் இருந்தவர். அவர் கணக்குப்படி, ஏறப்போன 120 ஐரோப்பியரில் காயமில்லாமல் தப்பியது 46 பேர். உடைப்பின் உச்சிக்குப் போன ஒவ்வொருவனும் குத்துப்பட்டு விழுந்தான். குத்தியது யார் என்று தெரியவில்லை. மேலே ஒரு தலையையும் காணோம். கோட்டையைப் பிடித்த பிறகுதான் சூட்சுமம் விளங்கியது. கொத்தளங்களின் உள்பக்கம் குடைந்து குழிவாக இருந்தது. அந்தக் குழியில் நின்றவர்கள், பதினெட்டு முதல் இருபது அடி நீள வேலால், உச்சியில் தோன்றுகிறவனைக் கீழிருந்து மேலாகக் குத்தியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் குண்டு அவர்களைத் தொடவே முடியாது.

இதை நிதானமாக எடை போடவேண்டும், ஏனென்றால் என் தீர்ப்பு இந்தக் குழியில்தான் நிற்கிறது. நெடிய வேலின் ஊனம் என்ன என்று முன்பு பார்த்தோம்? முனையைத் தாண்டி உள்ளே வந்தால் வேல்காரன் செத்தான். அந்தக் குழிக்குள் எதிரி 'உள்ளே வர' முடியாது. வர வேண்டுமானால் உச்சியைக் கடக்க வேண்டும், உச்சியில்தான் முனை காத்திருக்கிறது. வேலின் ஒரே குறையைச் சுவரின் வடிவம் அடைத்துவிட்டது. கட்டியவன் ஆயுதத்தை அறிந்து சுவர் வைத்திருக்கிறான். மண்ணால் கட்டியது என்பதால் நாட்டுப்புறத்து வேலை என்று அதைச் சொல்லிவிட முடியாது.

மறுபக்கம் பாருங்கள். பயனெட்டின் பலம் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாகக் கழன்றது. வரிசை இல்லை, உடைப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஏறினாலே பெரிது. சுட்ட துப்பாக்கியைத் திரும்பக் கெட்டிக்க நேரமில்லை. சரிகிற மண்ணில் ஏறுகிறவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அச்சம் வேலை செய்ய நான் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் அங்கே இல்லை. குழிக்குள் இருப்பவன் பயனெட் வரிசையைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது வானமும், வானத்தில் தோன்றும் ஒரு தலையும்தான். பார்த்தாலும் ஓட அவனுக்கு இடமில்லை.

ஏஞ்சலோவோ பர்ட்டனோ அரை நூற்றாண்டு முன்னால் பிறந்து, அந்தச் சிப்பாய்களுக்குத் தடுப்பும் குத்தும் கற்றுத்தந்திருந்தால் பயன் இருந்திருக்குமா? இராது என்பது என் முடிவு. அந்த நூல்கள் நினைத்துக்கொள்ளும் எதிரி, சமதரையில் எதிரே நிற்கும் இன்னொரு பயனெட்காரன். அல்லது குதிரைமேல் வரும் வாள்காரன். கண்ணுக்குத் தெரியாத நாலைந்து வேல்கள் காலடியிலிருந்து எழும்பி வரும்போது எந்தத் தடுப்பு உதவும்? அங்கே வேலை செய்தது வேறு. மே மாதம் கர்னல் அக்னியு பெரிய பீரங்கிகளோடும் கூடுதல் படையோடும் வந்தார். மே 24ஆம் தேதி உடைப்பை முன்னிலும் அகலமாக்கி, கொத்தளத்தின் மேலாகக் கையெறி குண்டுகளை உள்ளே வீசினார்கள். குழியில் நின்றவர்களுக்கு மேலே கூரை இல்லை. கோட்டை விழுந்தது. வேலை வென்றது பயனெட் அல்ல, எறிகுண்டு.

நம் தரப்பின் கணக்கு

இங்கேயே நிறுத்திக் கைதட்டிவிட்டால் அது திறனாய்வு ஆகாது. அதே மே 24இன் பிற்பகுதியைப் பார்க்க வேண்டும். கோட்டை உடைந்ததும் பின்பக்கமாக வெளியேறிய வீரர்கள் வெட்டவெளிக்கு வந்தார்கள். கரிசல் சமவெளி, மறைவு இல்லை. கும்பினியின் குதிரைப்படை காத்திருந்தது. சுவருக்குப் பின்னால் மாதக்கணக்கில் அசைக்க முடியாமல் நின்ற அதே மனிதர்கள், அதே வேல்கள், வெளியில் பெருந்தொகையாக வெட்டுப்பட்டார்கள். நெடிய வேல் குதிரையை நிறுத்த வல்லது. ஐரோப்பாவில் அதற்கென்றே இருந்த ஆயுதம். ஆனால் அதற்கு ஆயிரம் பேர் தோளோடு தோள் நின்று, குதிரை கண்ணெதிரே வரும்போதும் அசையாமல் இருக்கப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் அணிப்பயிற்சி என்று பெயர். பாளையக்காரரிடம் வேல் இருந்தது, வீரம் இருந்தது, அதை வெட்டவெளியில் நிறுத்திவைக்கும் அந்தப் பழக்கம் இல்லை. தப்பியவர்கள் சிவகங்கைக் காட்டை அடைந்ததும் தராசு மறுபடி சாய்ந்தது: காளையார்கோயிலை நோக்கிக் காடு வெட்டி வழி போட அக்னியுவின் படை ஏறக்குறைய ஒரு மாதம் பாடுபட்டு, கைவிட்டது. மறைவு கிடைத்தால் வேல், வெளி கிடைத்தால் வரிசை. இரண்டாண்டுப் போர் முழுவதும் இந்த ஒற்றை விதி மாறவில்லை.

இரண்டாவது திருத்தம்: 'வெள்ளைக்காரன் பயனெட், தமிழன் வேல்' என்ற பிரிவே தவறு. பயனெட் பிடித்தவர்களில் பெரும்பாலோர் மதராஸ் படையின் சிப்பாய்கள். இந்த மண்ணின் பிள்ளைகள். அவர்களில் தலைசிறந்த தளபதி யூசுப்கான், இராமநாதபுரம் சீமைக்காரர். பாளையக்காரர்களிலும் எட்டயபுரத்தார் கும்பினிப் பக்கம் நின்றார்கள். வரிசையில் அசையாமல் நிற்பது ஐரோப்பிய இரத்தத்தில் ஊறியது என்று எழுதிய ஆங்கிலேயர்களுக்கு இதுவே மறுப்பு. அது வெளிநாட்டு மாயம், நமக்கு ஒத்துவராதது என்று சொல்லும் நம்மவர்களுக்கும் இதுவே மறுப்பு. பயிற்சி சம்பளத்தோடு வந்தது. வாங்கியவன் கற்றான்.

அறிவு மறுதிசையிலும் போனது. வெல்ஷ் தன் நினைவுகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத்தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று நன்றியோடு எழுதுகிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் வாக்குமூலம். அவரே 1801இல் மருதுவின் எதிரணியில் நின்றார்; அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. வெல்ஷின் நூல் வெளிவந்தது 1830இல், ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து. முதுமையின் கனிவும், தோற்ற எதிரியைப் புகழ்ந்தால் வென்றவனுக்குப் பெருமை கூடும் என்ற நுட்பமும் அதில் கலந்திருக்கும். ஆனால் 120இல் 46 என்ற எண்ணிக்கை புகழ்ச்சிக்காகச் சொல்வதல்ல. எந்தப் படைக்காரனும் தன் தோல்வியைப் பெருக்கிச் சொல்ல மாட்டான். ஆகவே அதை நான் ஏற்கிறேன்.

மூன்றாவது, இன்றைய சிலம்ப உலகம் கேட்க விரும்பாதது. 1799இல் பானர்மேன் விடுத்த அறிவிப்பும் 1801 டிசம்பரில் சென்னை அரசு விடுத்த பிரகடனமும் பாளையக்காரரின் கோட்டைகளை ஒழித்து, ஆயுதங்களைப் பறித்தன. துப்பாக்கியோடு வேலும் தடையின் கீழ் வந்தது. அதோடு பதினெட்டு அடி வேலின் வித்தை இந்தச் சீமையில் அறுந்தது. கோட்டை இல்லாமல் கோட்டை வேலைப் பழக முடியாது. எஞ்சியது கம்பு. ஊர்த் திருவிழாவில் ஆடலாம், சண்டைக்கு எடுக்கலாம், பறிமுதல் செய்ய வந்தால் மாட்டுக் கம்பு என்று சொல்லிவிடலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மேடையில் சுழலும் ஐந்தரை அடிக் கம்பைக் காட்டி, பாஞ்சாலங்குறிச்சியைக் காத்த வித்தை இதுவே என்று சொன்னால் அது சரியில்லை. அது வேறு வித்தை, வேறு நீளம், வேறு நிலை.

இங்கே ஜப்பானோடு ஒப்பிட்டால் நம் இழப்பின் அளவு புரியும். மெய்ஜி காலத்தில் அவர்களும் பிரெஞ்சுக்காரரிடம்தான் பயனெட் வித்தை கற்றார்கள். பிறகு தங்கள் பழைய ஈட்டிக் கலையை அதில் கலந்து தங்களுக்கென்று ஒரு முறை செய்துகொண்டார்கள். ஜூகெண்டோ என்ற பெயரில் மரத்துப்பாக்கி பிடித்து இன்றும் ஆடுகிறார்கள். தன் படையைத் தானே வைத்திருந்த நாட்டால் அது முடிந்தது. இங்கே சிப்பாயை ஆங்கிலப் புத்தகம் பழக்கியது. வேல்காரனைச் சட்டம் நிராயுதபாணி ஆக்கியது. இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தும் ஒருவர் வித்தையை மற்றவர் வாங்கிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

தீர்ப்பு

எடையை முடிக்கலாம். தனியாள் கைவித்தை என்ற முறையில் பயனெட் இந்தச் சீமையில் எதையும் நிறுவவில்லை. மோதிய காலத்தில் அந்த வித்தையைக் கற்பிக்கவே இல்லை. கற்பித்திருந்தாலும் பாஞ்சாலங்குறிச்சி உடைப்பில் உதவியிராது. 19ஆம் நூற்றாண்டின் பயனெட் வாள்வித்தை நூல்களெல்லாம் அழகானவை, ஆனால் போர்முறை மாறிக்கொண்டிருந்தபோது பிறந்த பின்னூல்கள். 2010இல் அமெரிக்கத் தரைப்படை தன் அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் குத்துப்பயிற்சியை எடுத்துவிட்டது. எடுத்ததால் ஒரு போரும் தோற்றதாகத் தெரியவில்லை.

அணிப்பயிற்சி வேறு கணக்கு. அது வென்றது, வெட்டவெளியில், வரிசையாக நின்ற இடங்களில், உறுதியாக வென்றது. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை, ஏனென்றால் அந்த வரிசையில் நின்றவர்களும் நம்மவர்களே.

பதினெட்டு அடி வேல், தன் சுவரோடு சேர்த்துப் பார்த்தால், அதன் காலத்துப் பயனெட்டைவிட மேலான ஆயுதம். இதில் எனக்குத் தயக்கமில்லை. சுவரிலிருந்து பிரித்தால் அது தோப்பில் கிடக்கும் முட்டுக்கம்பு. அதன் புகழைப் பாடுகிறவர்கள் வேலை மட்டும் பாடுகிறார்கள். குழிவாகக் கொத்தளம் வைத்து, ஆறு நாளில் மண்ணைக் குழைத்து ஏற்றியவனைப் பாடுவதில்லை. என் மதிப்பெண்ணில் பாதி அவனுக்கு.

அவன் கட்டிய கோட்டை இன்று இல்லை. இடித்துத் தரையோடு தரையாக்கிவிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் பார்ப்பது 1974இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பக்கத்தில், அந்தப் போர்களில் செத்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் உண்டு. அவை பழையவை.